சந்தனப் பொட்டு வைத்த ரேடியோ

என் அருமை மகனே,

உன் கடுதாசி நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து நம் ரேடியோவுக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகி எண்ணூரில் தனிக்குடித்தனம் போன மூன்றாம் மாதமே நீ சொந்தமாக ஒரு செட் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் உன் அம்மா திருவொற்றியூர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். அப்போதுதான் கடைசிப் பக்கத்தில் அந்த நாலு வரி கண்ணில் பட்டது. சாயங்காலம் அங்கேயும் குப்பத்து ஆட்கள் உன் ஜன்னலுக்கு வந்து, கடலில் காற்று எப்படி என்று ரேடியோ சொல்கிறது என்று கேட்கிறார்களாம். செட்டில் உறுமல்தான் கேட்கிறதாம். "ஆனாலும் உங்கள் பேரைக் கெடுக்காமல் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பாவம், குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

செட்டை எப்படி வைப்பது, எப்படிக் காப்பது என்றுதானே கேட்டாய். அதையே முதலில் எழுதுகிறேன். மற்றதை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கே பிடிபடவில்லை. தேர்டு பாரத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம் செட்டோடு வந்த புத்தகத்தைப் படித்தவர்களும் என்னை விடத் தெளிவாக இருக்கவில்லை. ஏரியல் கம்பியைத் தெற்கு வடக்காகக் கட்டவேண்டும் என்றார் விற்ற கடைக்காரர். கிழக்கு மேற்காகக் கட்டினால்தான் சிலோன் எடுக்கும் என்றார் கரண்டுக்காரர். நான் யார் மனமும் நோகவேண்டாம் என்று மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டினேன். இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ரேடியோ மட்டும் பேசியது. திசையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ஏரியல் கட்டுகிற மூங்கில் இரண்டும் ஓட்டுக்கு மேலே ஆள் உயரமாவது நிற்கவேண்டும். கம்பி மூங்கிலைத் தொடாமல் இரண்டு பக்கமும் பீங்கான் குமிழில் கட்டியிருக்கவேண்டும். நம் பக்கத்து உப்புக்காற்றுக்குச் செம்புக்கம்பி ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும். உன் உறுமலுக்குப் பாதிக் காரணம் அந்தப் பச்சைதான் என்று நினைக்கிறேன். புதுக் கம்பி என்கிறாயே, அதுதான் குழப்பமாக இருக்கிறது. அப்படியானால் எர்த்தைப் பார்.

எர்த் என்பது செட்டிலிருந்து மண்ணுக்குப் போகிற கம்பி. அதன் முனையைக் கட்டுகிற இரும்புக் குழாயை ஒரு முழ ஆழத்துக்குப் புதைத்துவிட்டு ரேடியோ பேசவில்லை என்று வருத்தப்படாதே; எண்ணூர் மணல் மேலே காய்ந்துதான் கிடக்கும். ஈரம் தட்டும் வரை தோண்டு, கரியும் உப்பும் போட்டு மூடு, கோடையில் தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்று. தண்ணீர் குழாய்க்குத்தான், செட்டுக்கு அல்ல. இதை ஏன் கோடு போட்டு எழுதியிருக்கிறேன் என்று பின்னால் தெரியும். செட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, உள்ளே வால்வுகள் சூடாகும், ஒரு சாண் இடம் விடு. இடி இடித்தால் ஏரியலைப் பிடுங்கி எர்த்தில் சொருகிவிடு. அன்று எந்தப் பாட்டும் கேட்கவேண்டாம். லைசென்ஸைத் தபாலாபீசில் நேரத்தோடு புதுப்பித்துக்கொள். திருப்பினவுடனே பேசவில்லை என்று தட்டாதே. செட்டின் நெற்றியில் பச்சையாக ஒரு கண் இருக்கிறதல்லவா, அது மெல்ல விழித்துக்கொண்ட பிறகுதான் குரல் வரும். தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டு. ஈரத்துணி வேண்டாம். எந்த நல்ல நாளாக இருந்தாலும் வேண்டாம்.

இனி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும். நீ திண்டிவனத்தில் உன் மாமா வீட்டில் தங்கிப் படித்த கடைசி வருஷம்தான் நான் இந்த செட்டை வாங்கினேன். நம் கயிற்றுக் கடையில் வலைக்கயிறு வாங்க வருகிற கன்னியப்பனை உனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கத்தில் செட் இருந்தது. ஒரு சாயங்காலம் அவன் வாசலில் நிற்கும்போது செய்தியின் முடிவில் வானிலை இரண்டு வரி வந்தது. "வங்காள விரிகுடாவில் பலத்த காற்று" என்றார்கள். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். மறுநாள் காற்று வந்தது. அன்றிலிருந்து தினம் பத்துப் பேர். செட்டு சொல்வது சுத்தத் தமிழ், அதுவும் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போகும். நான் அதைக் கேட்டு வாசலுக்கு வந்து அவர்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்லவேண்டும். "வானத்தைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடுவீர்களே, என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியுற காத்த நாங்க பாத்துக்குவோம் நைனா. தெரியாத காத்துக்குத்தான் உன் ரேடியோ" என்றான் கன்னியப்பன். எனக்குத் தலை கால் புரியவில்லை. நீந்தத் தெரியாத கயிற்றுக் கடைக்காரன், படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன், கடலைப் பற்றிச் சொல்கிறேன், கடலில் பிறந்தவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். செட்டுக்குப் பக்கத்தில் "தொடாதே" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். உன் அம்மாவைக்கூடத் தூசி தட்ட விடவில்லை. தட்டியதற்கு ஒருநாள் கத்தியும் விட்டேன். அவள் இரண்டு நாள் எனக்குச் சோற்றைப் போட்டாள், சொல்லை ஒன்றும் போடவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடைச் சாமான்களை எல்லாம் வழக்கம்போலக் கழுவி வைத்தேன். தராசுக்கு, கத்திக்கு, கயிறு முறுக்கும் கொக்கிகளுக்கு, சைக்கிளுக்கு, எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். எல்லாம் முடிந்து திரும்பினால் ரேடியோ ஒரு பொட்டுக்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பச்சைக் கண் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வீட்டில் அதிகம் உழைக்கிற ஆயுதம் அதுதானே. ஓட்டை சைக்கிளுக்குக் குளியல், இதற்கு ஒன்றுமில்லையா என்று தோன்றிவிட்டது. கரண்டை நிறுத்தி, பின் பலகையைக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு வால்வாகத் துடைத்தேன். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி, காது மடல் விடாமல். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சந்தனப் பொட்டு. பெரிய வால்வுக்கு இரண்டு. தண்ணீர் தெளித்த சாமந்தி மாலை ஒன்று மேலே. சூடம் காட்டும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள். அன்று சாயங்காலம் வந்தவர்களிடம், பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது என்று சொன்னேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத் திருப்பினேன். உள்ளே டப்பென்று ஒரு சத்தம், சந்தனமும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற ஒரு வாசனை. அவ்வளவுதான். கண் விழிக்கவே இல்லை.

கெட்டுப்போய்விட்டது என்று சொல்வதில் என்ன வெட்கம் என்று நீ கேட்பாய். இன்றைக்கு எனக்கும் அது விளங்கவில்லை. அன்றைக்கு உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் தூசி தட்டினதற்குக் கத்தினவன் நான். சாயங்காலம் வாசலில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். நான் செட்டை மறைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று, "செய்தி முடிஞ்சுபோச்சுப்பா, காத்து வருதாம், யாரும் போகவேண்டாமாம்" என்று சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு கணக்குப் போட்டேன் பார். காற்று இல்லை என்று சொல்லி வந்துவிட்டால் உயிர் போகும். வரும் என்று சொல்லி வராவிட்டால் ஒருநாள் மீன்தானே போகும். புளுகுகிறவனுக்கு எவ்வளவு நல்ல மனசு! இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மூன்றாம் நாளும் சொன்னேன். குப்பத்தில் அடுப்பு சரியாக எரியவில்லை. "இன்னா நைனா, உன் காத்து நடந்து வருதா, கட்ட வண்டில வருதா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் விடிந்ததும் அவனும் அவன் மச்சானும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு யாரும் போகவில்லை.

மத்தியானத்துக்குள் காற்று வந்தது. மகனே, நான் கூப்பிட்டு வந்த மாதிரி வந்தது. நம் ஓட்டில் பாதி தெருவில் கிடந்தது. மறுநாளும் அவர்கள் திரும்பவில்லை. கன்னியப்பன் பெண்டாட்டி நனைந்த புடவையோடு நம் வாசலுக்கு வந்து நின்றாள். அழவில்லை. "நைனா, உன் ரேடியோவ கேளு. எப்ப நிக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள். நான் உள்ளே போனேன். செத்துக் கிடந்த செட்டின் முன்னால் குனிந்து நின்றேன். அவள் பார்க்கிறாளே என்று குமிழைத் திருப்பினேன். காய்ந்த சாமந்தி ஒன்று கையில் விழுந்தது. வெளியே வந்து, "நாளைக்கு நின்றுவிடும் தாயே" என்றேன். அந்தப் பெண் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன், கயிற்றுக் கடைக்காரன் புளுகாமல் இருக்கமுடியாது. அந்தக் கும்பிடு மட்டும் இன்னும் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் இரண்டு பேரும் மீஞ்சூருக்குக் கிழக்கே கரை ஒதுங்கிக் கிடப்பதாகச் சேதி வந்தது. உயிர் இருந்தது. மரமும் வலையும் போய்விட்டன. அதற்குப் பிறகு கன்னியப்பன் இரண்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஆக, நான் சொன்னபடி காற்று வந்தது, நான் சொன்னபடியே நின்றது. புளுகு மொத்தமும் பலித்துவிட்டது. செட்டை ரிப்பேருக்கு ராயபுரம் கொண்டுபோனபோது அங்கே ரிப்பேர்க்காரர் பின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது ரேடியோவா, அம்மன் கோயிலா?" என்று கேட்டார். இங்கே குப்பத்தில் பேச்சு வேறே: "நைனா ரேடியோ மூணு நாளா சொல்லிச்சு, கன்னியப்பன் கேக்கல." எனக்கு ஒரு முழு வஞ்சிரம் வந்தது. உன் அம்மா வறுத்தாள். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

இதுவரை எழுதியது நேற்று. இன்று காலையில் ஒன்று தோன்றியது. உனக்குச் சொல்லிவிட்டு அவனுக்குச் சொல்லாமல் இருந்தால், அதுவும் உன்னைச் சமாளிக்கிற வேலைதானே. கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். கன்னியப்பன் வலை பின்னிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் ஊசியை நிறுத்தவே இல்லை.

"தெரியும் நைனா."

"எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல ஒரு பச்சக் கண்ணு மினுக்கிகினு இருக்குமே. மூணு நாளா அது எரியல. உன் ரேடியோ பூட்ச்சுன்னு அப்பவே தெரியும்."

"தெரிந்தும் ஏன்டா ஒன்றும் சொல்லவில்லை?"

"ஊரே நின்னுகினு கீது. அத்தினி பேர் எதிர்ல உன் மானத்த வாங்கச் சொல்றியா?" என்றான். பிறகு பல்லால் நூலைக் கடித்துவிட்டுச் சொன்னான்: "நான் இன்னா நெனச்சேன்னா, ரேடியோ செத்துப் பூட்ச்சு, அப்ப நீ சொல்றது உன் கை சரக்கு. காத்து கீத்து ஒண்ணும் கெடையாதுன்னு மரத்த தள்ளிட்டேன். கெட்டுப் பூட்ச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தியானா, ஒரு சைக்கிள வாங்கிகினு ஆர்பர் பக்கம் போயி, புயல் கூண்டு ஏத்திக்கீறானான்னு ஒரு எட்டுப் பாத்திருப்பேன். உன் ரேடியோ வர்றதுக்கு முன்னாடி அத்தத்தானே செஞ்சிகினு இருந்தோம்?"

"கூண்டு ஏற்றியிருந்தார்களா?"

"நான் மரத்த தள்றதுக்கு மொத நாள் சாயங்காலமே ஏத்திட்டானாம். ஆர்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தப்ப கேட்டேன்."

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சை நம்பினவர்கள் எல்லாம் பிழைத்தார்கள். என்னைத் தெரிந்துகொண்டவன் மாட்டிக்கொண்டான். "அப்படியானால் நான் ஊரைக் காப்பாற்றினேனா, உன்னைக் கெடுத்தேனா கன்னியப்பா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அத்த நீயே வச்சிகினு கொழம்பு நைனா. எனக்கு வலை கீது" என்றான். குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தனை வயதில் உனக்குத் தெளிவாக ஒரு புத்தி சொல்லலாம் என்று பேனாவை எடுத்தால், என் கதையிலிருந்து இரண்டு பக்கமும் நியாயம் எடுக்கலாம் போலிருக்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். அதைச் சொன்னால் அவர்கள் வேறு இடத்தில் போய்க் கேட்பார்கள். நீ எதையாவது சொல்லிவிட்டால் வேறு இடம் போகமாட்டார்கள். செட்டு வாய் மூடினதற்கு யாரும் உன்னைக் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் என்ன, நாலு நாள் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் யாரும் கரை ஒதுங்குவதில்லை.

எழுந்து வரும்போது உன் சங்கதியைச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. ஊசியைக் கீழே வைத்தான். "எண்ணூர்ல ஒரு பழைய மரம் வெலைக்கு வந்துகீது, நாளைக்குப் போலாம்னு இருந்தேன், இன்னிக்கே போறேன். கடுதாசிய தபால்ல போடாத, எங்கைல குடு" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம் தபால்காரர் கையில் வராமல், எர்ணாவூர் வழியாக அவன் கையோடு வருகிறது. இன்னொன்றும் சொன்னான். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தலையாட்டிவிட்டேன். சாயங்காலம் குப்பத்து ஆட்களோடு உன் ஜன்னலுக்கு வெளியே பின்னால் மறைவாக நிற்பானாம். அவர்கள் கேட்டு, நீ பதில் சொல்லி, அவர்கள் கிளம்பின பிறகுதான் முன்னால் வந்து கடிதத்தை நீட்டுவானாம். "மொதல்ல அவன் இன்னா சொல்றான்னு பாப்போம் நைனா" என்றான்.

ஆக, நீ இதைப் படிக்கும்போது பதில் சொல்லி முடித்திருப்பாய். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் இத்தனை பக்கம் எழுதினவனைப் பார்த்துச் சிரித்துக்கொள், மருமகளிடம் சொல்லிக் கன்னியப்பனுக்கு வயிறு நிறையச் சோறு போடு. வேறு ஏதாவது சொல்லியிருந்தால், அவர்கள் இன்னும் குப்பம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். கடிதத்தைக் கீழே போடு. சட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதே. ஓடு.

அப்பா